கூகுள்ல முதல் இடம் கேரண்டியா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சம்பளத்தோட ஒரு சைடு இன்கம் வேணும்னு வெப்சைட் ஆரம்பிக்கிறவங்க இப்போ நிறைய பேர். நல்ல விஷயம்தான். ஆனா சைட் ரெடியானதும் ஒரு போன் வரும்: "மாசம் 15,000 ரூபாய் கொடுங்க சார், கூகுள்ல முதல் இடம் கேரண்டி!"

என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். ஆரம்பத்துல இந்தச் செலவு உங்களுக்குத் தேவையே இல்லை.

முதல்ல கணக்கு

15,000 ரூபாயோட 18% ஜி.எஸ்.டி. சேர்த்தா 17,700. ஆறு மாசத்துக்கு 1,06,200 ரூபாய்! நீங்க ஜி.எஸ்.டி. பதிவு பண்ணலைன்னா, கட்டின வரியை இன்புட் கிரெடிட்டா எடுக்கவும் முடியாது.

"செலவு காட்டி சம்பளத்துல டேக்ஸைக் குறைச்சுக்கலாமே?" முடியாது. பிசினஸ் நஷ்டத்தைச் சம்பள வருமானத்துல கழிக்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறதில்லை. அந்தச் செலவை சைடு பிசினஸ் வருமானத்துல கழிக்கலாம். அங்கே வருமானமே வரலைன்னா?

அடுத்து அந்த கேரண்டி

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே தன்னோட வழிகாட்டியில எழுதி வெச்சிருக்கு. பலன் தெரியவே பெரும்பாலும் நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும்னும் சொல்லுது. தரவரிசைக்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்குறதும், ஒரே வார்த்தையைப் பக்கம் முழுக்கத் திணிக்கிறதும் கூகுளோட ஸ்பேம் விதிகளுக்கு எதிரானவை. மாட்டினா பின்னாடி போறது உங்க சைட்தான், ஏஜென்சி இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

நீங்க வார இறுதியில போட்டோகிராபி பண்றீங்கன்னு வைங்க. "மதுரையின் சிறந்த போட்டோகிராபர்"னு இருபது தடவை எழுதி பிரயோஜனம் இல்லை. வாட்ஸ்அப்ல கஸ்டமர் உங்ககிட்ட என்ன கேக்கிறாங்க? "காதுகுத்துக்கு எவ்வளவு?", "ஆல்பம் எத்தனை நாள்ல கிடைக்கும்?" ஒவ்வொரு கேள்விக்கும் விலையோட, உங்க சொந்தப் படங்களோட தெளிவா பதில் எழுதுங்க. கேள்வியையே தலைப்பா வைங்க. படத்துக்குக் கீழே அது என்னன்னு ஒரு வரி எழுதுங்க.

அப்புறம் கூகுள் சர்ச் கன்சோல்ல உங்க சைட்டை இணைங்க. இது இலவசம். எந்த வார்த்தையைத் தேடினப்போ உங்க பக்கம் தெரிஞ்சது, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு அதுவே காட்டும். நிறைய பேருக்குத் தெரிஞ்சும் கிளிக் ஆகாத பக்கத்தோட தலைப்பை முதல்ல மாத்திப் பாருங்க.

எஸ்.இ.ஓ. ஆட்கள் எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்லலை. நல்லா வேலை தெரிஞ்சவங்களும் இருக்காங்க. ஆனா அவங்களுக்குக் கொடுக்கிற பணம் சைட் சம்பாதிச்ச பணமா இருக்கணும், உங்க சம்பளமா இருக்கக்கூடாது. எமர்ஜென்சி ஃபண்டே இன்னும் சேர்க்கலைன்னா, அந்த 17,700 முதல்ல அங்கே போகட்டும்.