தலைநகரும் நீரின் வழியும்

நகரமைப்பு மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுக்கலை என எண்ணுவோர் பலர். சிலப்பதிகாரம் பயின்றோர்க்கு அவ்வெண்ணம் எழாது. கடலருகே மருவூர்ப்பாக்கம், அதன் மேற்கே பட்டினப்பாக்கம், இரண்டிற்கும் இடையே நாளங்காடி எனப் புகார் அமைந்திருந்தது. அரசனுக்கும் பெருவணிகனுக்கும் வீதி வகுத்த அந்நகர், மீன் விற்போர்க்கும் கொல்லர்க்கும் தச்சர்க்கும் இடம் வகுத்தது.

அந்த அளவுகோல் கொண்டு கொழும்பை நோக்குவோம். இங்கே திட்டங்களுக்குக் குறைவில்லை. 1921 இல் பற்றிக் கெடிஸ் இதனைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராகக் கண்டார். 1948 இல் பற்றிக் அபர்குறொம்பி, நெரிசலைத் தணிக்க இராகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களில் துணை நகரங்கள் வேண்டும் என்றார். 1978 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை தோன்றியது. 1982 இல் பாராளுமன்றம் கோட்டேக்குச் சென்றது. 2016 இல் மேல்மாகாணம் முழுவதையும் பெருநகராக்கும் திட்டம் வெளியாயிற்று. ஏடுகள் பெருகின, இடர் குறைந்ததா?

கொழும்பு தாழ்நிலத்தில் எழுந்த நகர். மழைநீரை ஏந்தி, மெல்லமெல்லக் களனி கங்கைக்கும் கடலுக்கும் விடுப்பவை அதனைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களே. அவற்றை வெறுந்தரையென மதித்து மண்ணிட்டு மேடாக்கினோம். தங்க இடமற்ற நீர் மனைகளுட் புகுந்தது. 2010 நவம்பரில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. சட்டம் இயற்றும் மன்றத்தின் வாயிலில் நீர் தானே வந்து முறையிட்டது போலும்! 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்னும் சிறப்புக் கொழும்புக்குக் கிடைத்தது. எஞ்சிய சதுப்பைக் காத்தாலன்றி அப்பெயர் நிலையாது.

நீருக்கு நேர்ந்ததே எளியோர்க்கும் நேர்ந்தது. நகரின் குப்பை மீதொட்டமுல்லையில், வறியோர் வீடுகளின் அருகே மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் நாள், புத்தாண்டன்று, அது சரிந்து 30 பேருக்கு மேற்பட்டோரை மாய்த்தது. தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளை அகற்றி, அங்குள்ளோரைத் தொடர்மாடிகளில் ஏற்றுவதே தீர்வு என்பர் சிலர். கூரை உறுதியானது என்பதில் ஐயமில்லை. ஆயின், தெருவோரத்தில் அப்பம் சுட்டு விற்றவளுக்குப் பத்தாம் மாடியில் வாடிக்கையாளர் யாவர்?

திட்டத்தின் முன் ஆய்வு வேண்டும் என்பது கெடிசின் கொள்கை. நோயறிந்து மருத்துவம் செய்க என்னும் வள்ளுவர் நெறியும் அதுவே. கட்டலாகாத நிலம் எது, பிழைப்பிழக்கலாகாத மக்கள் யாவர் என முதலில் வரையறுத்து, பின்னரே வீதியும் மாளிகையும் வரைவது முழுமையான திட்டமாகும். அவ்வாய்வைப் பொறியியலாளர் மட்டுமே செய்தல் வேண்டும் என்பதில்லை. ஆசிரியர்களே, உங்கள் மாணவரை ஒருநாள் பள்ளியருகே ஓடும் கால்வாயின் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அது எங்கே தோன்றுகிறது, எங்கே அடைபட்டுள்ளது, அதன் கரையில் வாழ்வோர் யாவர் என வரைந்து காட்டச் செய்யுங்கள். நாளைய தலைநகரை வகுக்கப்போகும் கைகள் அவர்களுடையவை அல்லவா?