வலது மூளை, இடது மூளை வியாபாரம்

"வலது மூளை கலைக்கு, இடது மூளை கணக்குக்கு. உங்கள் பேரன் வலது மூளைக்காரன் சார், பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்." இப்படிச் சொல்லியே காசு பார்க்கிறார்கள். நம்மவர்களும் பென்ஷன் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள்.

மூளை இரண்டு பாதிதான், மறுக்கவில்லை. ஆனால் நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகளால் ஆன பாலம் ஒன்று இருக்கிறதே! பிரெஞ்சில் அதற்குக் 'கோர் கலோ' என்று பெயர். உழைத்த கை காய்த்துப்போகும் என்போமே, அந்தச் சொல்தான். இந்தப் பக்கத்துச் சேதி நொடிக்குள் அந்தப் பக்கம் போய்விடும்.

கடும் வலிப்புக்காக அந்தப் பாலத்தை வெட்டிக்கொண்டவர்களை அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்தார். இடப்புறம் மட்டும் தெரியும்படி காட்டிய பொருளை அவர்களால் வாயால் சொல்ல முடியவில்லை. இடது கையோ அதைத் தடவி எடுத்துக் கொடுத்தது. 1981-ல் ஸ்பெர்ரிக்கு நோபல் பரிசு. பாலம் அறுந்தவர்களிடம் கண்டதை, பாலம் முழுசாக இருக்கும் பிள்ளைகள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? பேச்சு பெரும்பாலோருக்கு இடப்பக்கம்தான். அதற்காக ஒரு பிள்ளை பாதி மூளையிலேயே வாழ்கிறது என்றாகிவிடுமா?

'உனக்குக் கணக்கு வராது' என்று முத்திரை குத்தினால் பிள்ளை அதை நம்பிவிடும். அதற்கு வேண்டியது பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள். நமக்குத்தான் நேரம் கிடக்கிறதே, நாமே உட்காருவோம்.