தவறான முகவரிக்குப் போகும் நன்றி

கடந்த பொங்கலை ஒட்டி, பர்மாவிலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுகூடினோம். பாட்டு, பட்டிமன்றம், பிள்ளைகளின் நடனம் எல்லாம் முடிந்து கடைசியில் நன்றியுரை வந்தது. பதினொரு பேருக்குப் பொன்னாடை. அதில் மூவர் வரவே இல்லை. அவர்கள் சார்பில் வேறு மூவர் வாங்கிக்கொண்டார்கள். நன்றியுரை தொடங்கியதுமே பாதிக் கூட்டம் எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டது. அந்த வரிசையின் முனையில், விடியற்காலை மூன்று மணிக்கே வந்து மொகிங்காவுக்கு மீன் வேகவைத்து முள் எடுத்த இரண்டு பெண்கள் கரண்டியோடு நின்றிருந்தார்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. ஏன் என்று செயலாளரிடம் கேட்டேன்.

“அவங்க நம்ம ஆளுங்கதானே அண்ணே. அவங்களுக்கு எதுக்குத் தனியா?”

இந்தப் பதிலை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழர்கள் நன்றி கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறோம். அதைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். நம் நெஞ்சில் நன்றி நிறையவே இருக்கிறது. ஆனால் அதைத் தவறான முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். கடவுளுக்கு அனுப்புகிறோம், மேடைக்கு அனுப்புகிறோம், நம் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லித் தீர்க்கிறோம். உதவி செய்த ஆளுக்கு மட்டும் அது போய்ச் சேருவதில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், குற்றவாளி என்ற தகுதி ஒன்றுதான்.

நான் பிறந்து வளர்ந்தது யாங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டத்தில். மத்திய ரயில் நிலையமும் ஆங் சான் விளையாட்டரங்கும் அந்த வட்டத்துக்குள்தான். ரயில் ஊதினால் வீட்டுக்குள் கேட்கும். 1994இல் நான் புறப்பட்டபோது அம்மா மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். எதிர்க்கதவில் ஒரு பர்மிய அம்மா. கணவரை இழந்தவர். நாங்கள் ‘டோடோ’ என்று கூப்பிடுவோம், நம்மில் சித்தி, அத்தை என்பதுபோல. எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனைக் கடைக்கு நான் அழைத்தால் கடைப்பையன் மேலே ஓடுவான். முழங்கால் வலியோடு இருந்த அம்மாவைக் கைபிடித்து மூன்று மாடி இறக்கிக் கூட்டிவந்து, பேசி முடிக்கும்வரை நின்று, மறுபடி ஏற்றிவிட்டது டோடோ. ஒருமுறை இருமுறை அல்ல, பதினேழு வருடம்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்த இரவில் எங்கள் கட்டடத்தின் கூரைத் தகரங்கள் பறந்துபோயின. மின்சாரம் இல்லை, தண்ணீர் ஏற்ற வழியில்லை. ஐந்து நாள் எனக்கு ஒரு தகவலும் இல்லை. ஆறாம் நாள் விமானத்தில் வந்த முன்பின் தெரியாத ஒருவர் என் அலுவலகத்துக்கு அழைத்து, “உங்க அம்மா எதிர்வீட்டுல இருக்காங்க, நல்லா இருக்காங்க” என்றார். விமான நிலையம் போகிற ஒருவரைத் தேடிப் பிடித்து என் எண்ணைக் கொடுத்து அனுப்பியதும் டோடோதான்.

அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்றைச் சொல்வார்: “தம்பி, அந்தம்மாவுக்கு ரெண்டு வரி எழுதிப் போடுப்பா.” நான் ஒவ்வொரு முறையும், “அடுத்த தடவை வரும்போது நேர்ல சொல்லிக்கிறேன்மா” என்பேன். அம்மாவுக்கு நான் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதே தெரு, அதே கட்டடம், அதே மாடி. கதவு மட்டும் எதிர்க்கதவு. ஓர் உறைக்குள் இன்னொரு தாளை மடித்து வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

2011இல் அம்மா போனார். சடங்குகள் முடிந்ததும் டோடோவிடம் ஓர் உறையில் டாலர் வைத்துக் கொடுத்தேன். இரண்டு முறை மறுத்தார், மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். கணக்குத் தீர்ந்தது என்று எனக்கு நிம்மதி. மறுநாள் அந்தப் பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு மடத்துக்குப் போய், அம்மாவுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று பிக்குகளுக்குச் சோறிட்டுவிட்டு வந்தார். நான் கொடுத்ததை என் அம்மாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கையில் மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே பொருளை, அதாவது எழுதிய நாலு வரியை, நான் கொடுக்கவில்லை.

2016இல் மறுபடி போனேன். அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் எட்டு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. டோடோ மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். இறந்துவிட்டார் என்றார் இன்னொருவர். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1500 சாட்டுக்கு சிம் கார்டு விற்கத் தொடங்கும்வரை, அந்தத் தெருவில் கைபேசி என்பது பணக்காரர் பொருள். ஆகவே டோடோவின் எண் என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. இருந்தது முகவரி ஒன்றுதான். அதுவும் போயிற்று.

இது என் ஒருவன் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பர்மாத் தமிழரின் வரலாறே இப்படிச் சொல்லாமல் விட்ட நன்றிகளின் வரலாறுதான். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகரின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பிறகு, இலட்சக்கணக்கானோர் கால்நடையாக இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். ரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். எழுத்தாளர் அல்லாதவர்கள் வாயால் சொன்னார்கள். என் தாத்தா டாமு வழியாக நடந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் காய்ச்சலோடு கிடந்தவருக்கு, மொழி தெரியாத ஒரு கிழவி நான்கு நாள் கஞ்சி ஊற்றினாள். போர் முடிந்து ரங்கூனுக்குத் திரும்பிய பிறகு, சாகும்வரை அந்தக் கிழவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். யாரிடம்? எங்களிடம். நாங்கள் கண் கலங்கினோம். அந்தக் கிராமத்துக்கு இன்றுவரை ஒரு வரி போகவில்லை.

1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. அந்த ஆண்டுகளில் வெளியேறிய இந்தியர்கள் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் என்பார்கள். அவர்களில் பலர் வீட்டுச் சாவியை, தையல் எந்திரத்தை, பெற்றோரின் கல்லறையைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் யாங்கோனுக்குச் சுற்றுலாவாகப் போய், கோவில் கோபுரத்தைப் படமெடுத்து, “நம் முன்னோர் வாழ்ந்த மண்” என்று முகநூலில் போடுகிறார்கள். அறுபது வருடமாக அந்தக் கோவிலில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டவரின் பெயரை எத்தனை பேர் கேட்டு வந்தார்கள்? ஊர் திரும்பிய பின் அவருக்கு எத்தனை பேர் எழுதினார்கள்?

இனி, வழக்கமாக வரும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு: “நமக்குள்ளே என்ன நன்றி? அது வெள்ளைக்காரன் பழக்கம்.” நன்றி என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் செய்த நன்மை என்றுதான் பொருள், வாயால் சொல்வது பின்னால் வந்தது என்று இலக்கணம் பேசுவோரும் உண்டு. உண்மைதான். அப்படியானால் செய்த நன்மையை அறிவதுதான் கடமை. அறிந்துகொண்டேன் என்பது செய்தவருக்குத் தெரிய வேண்டாமா? பர்மிய மொழியில் நன்றி சொல்ல ‘சேசூ தின்பாதே’ என்போம். சேசூ என்பது செய்த உபகாரம். தின் என்றால் மேலே ஏற்றி வைப்பது. உன் உபகாரம் என்மேல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே அங்கு நன்றி. அதே மொழியில் ‘ஆனாதே’ என்றும் ஒரு சொல் உண்டு. பிறருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்று தயங்கி நிற்பதைச் சொல்வது. டோடோ அந்தத் தயக்கத்தோடு வளர்ந்தவர். எனக்கு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா என்று அவர் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். கேட்காதவருக்குத்தான் நாமாக எழுத வேண்டும்.

வெள்ளைக்காரன் பழக்கம் என்பவர்கள் திருநெல்வேலியைப் பார்க்கட்டும். 2014இல் காலமான தி.க.சி. என்ற தி.க. சிவசங்கரன், ஏதாவது ஒரு சிற்றிதழில் யாரோ ஒரு புதுப்பெயர் எழுதிய கதை பிடித்துவிட்டால் அஞ்சலட்டை எடுத்து எழுதிவிடுவார். வல்லிக்கண்ணனும் அப்படியே. அந்த அட்டைகளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் எழுத்தாளர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஐம்பது காசு அட்டை. இந்தியக் கிராமத்துத் தபால்பெட்டி வரை எட்டிய பழக்கம் நமக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் மறுப்பு: “நாங்கள் கணக்கு வைக்கிறோமே, மொய் நோட்டு இருக்கிறதே.” இருக்கிறது. நம் சமூகத்தில் நன்றி சரியான முகவரிக்குத் தவறாமல் போய்ச் சேருகிற ஒரே ஏற்பாடு அதுதான். ஆனால் யாருக்கு? நமக்குச் சமமாக மொய் வைக்கக்கூடியவருக்கு. திருப்பிக் கொடுக்கக்கூடிய தொகைக்கு. மூன்று மாடி இறக்கி ஏற்றியதை எந்தப் பக்கத்தில் எவ்வளவு என்று எழுதுவீர்கள்? மேலே இருப்பவருக்குப் பொன்னாடை, சமமானவருக்கு மொய், கீழே இருப்பவருக்கு “கூலிதான் கொடுத்தாச்சே”. நம் நன்றிக்கும் சாதி இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் நமக்குக் கூச்சம்.

மூன்றாவதாக, இப்போது புதிதாக ஒரு நன்றி வந்திருக்கிறது. இரவு படுக்கும் முன் அன்று கிடைத்த நல்லவற்றைக் குறிப்பேட்டில் எழுது, மனம் தெளியும், தூக்கம் வரும் என்கிறார்கள். 2003இல் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் செய்த ஆய்வில், அப்படி எழுதியவர்களின் மனநிலை மேம்பட்டதாகக் கண்டார்கள். மறுக்கவில்லை. ஆனால் என் நன்றியை என் குறிப்பேட்டில் எழுதி என் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வதும் தவறான முகவரிதான். அது எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் கடிதம். அமித் குமாரும் நிக்கோலஸ் எப்ளியும் 2018இல் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு உறைத்தது. நன்றிக் கடிதம் அனுப்புகிறவர்கள், பெறுகிறவர் சங்கடப்படுவார் என்று கூடுதலாக அஞ்சுகிறார்கள். அவர் எவ்வளவு மகிழ்வார் என்பதைக் குறைவாக மதிக்கிறார்கள். பதினேழு வருடம் நான் செய்ததும் இதே தப்புக்கணக்குதான்.

பிறகு அந்தக் கைகூப்பும் பொம்மை. கைபேசியில் ஒரு தட்டு. துக்கத்துக்கும் அதுவே, பிறந்தநாளுக்கும் அதுவே, உயிரைக் காப்பாற்றியதற்கும் அதுவே. என்ன செய்தாய் என்று சொல்லாத நன்றி, செய்தவரைப் பார்க்காத நன்றி.

2016இல் திரும்பி வந்ததிலிருந்து மாதம் பிறந்தால் ஒரு குறிப்பு எழுதுகிறேன். சம்பள நாளில் எழுதுவதால் மறப்பதில்லை. தபாலில் போனால் தபால், இல்லாவிட்டால் போகிற ஆளிடம், அதுவும் இல்லாவிட்டால் கைபேசியில். எதில் அனுப்புகிறோம் என்பது பெரிதல்ல. அவர் செய்ததைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: எந்த நாள், என்ன செய்தீர்கள், அதனால் எனக்கு என்ன ஆயிற்று. மூன்று வரி போதும். கடைசியில் வேறு உதவி எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் அது விண்ணப்பம் ஆகிவிடும்.

“எனக்குத் தமிழ் எழுத வராது” என்று சொல்லும் இளையவர்களுக்கு ஒன்று. அறுபதுகளில் தனியார் பள்ளிகள் அரசு வசமான பிறகு, யாங்கோனில் தமிழ் பேசினாலும் தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளர்ந்தவர்கள் ஏராளம். உங்கள் பெரியத்தைக்குப் பர்மிய எழுத்துதான் தெரியும் என்றால், அந்த எழுத்து தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுங்கள். வாசிப்பவர் மொழியே கடிதத்தின் மொழி. அத்துடன், 2021க்குப் பிறகு அங்கே வழியில் நிறுத்திக் கைபேசியைத் திறந்து பார்க்கிறார்கள். ஆகவே அரசியல் வேண்டாம், பணத் தொகை வேண்டாம், மூன்றாம் ஆள் பெயர் வேண்டாம். அவர் செய்த நன்மையை மட்டும் எழுதுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் அந்த இரண்டு பெண்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒருவர் திருப்பி அழைத்தார். “என்ன அண்ணே, எதாச்சும் தப்பா ஆயிருச்சா? மீன் சரியில்லையா?” என்று பதறினார். முப்பது வருடமாகச் சமைப்பவருக்கு வந்த கடிதம் புகாராகத்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் நமக்கு?

டோடோவுக்கு எழுதிய கடிதம் என்னிடமே இருக்கிறது. பர்மிய எழுத்தில், நாலு பக்கம். அதற்கு முகவரி இல்லை. இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் ஒரு முகவரி இன்னும் இருக்கும். அந்தக் கட்டடத்தை இடிப்பதற்குள் எழுதிவிடுங்கள்.