பெரும்பான்மை போதாது, காரைக்குடி

திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளில் 51-ஐ 2022 தேர்தலில் திமுக கூட்டணி பிடித்தது. அத்தனை பலத்தோடு பொறுப்பேற்ற மேயருக்குச் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே எதிரிகளானார்கள். 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்காக மன்றம் கூட்டப்பட்டது. கட்சி மேலிடம் தலையிட்டதால் ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை, தீர்மானம் தோற்றது. ஆனாலும் ஜூலையில் மேயர் பதவி விலக நேர்ந்தது. ஆகஸ்டில் நடந்த மேயர் தேர்தலில் கட்சி நிறுத்திய வேட்பாளர் 30 வாக்குகள் பெற்று வென்றார், அதே கட்சியின் போட்டி வேட்பாளரோ 23 வாங்கினார். கட்சி மேலிடம் கவுன்சிலர்களைக் கூட்டத்துக்குப் போகாமல் நிறுத்திவைக்கலாம். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், குப்பையை எங்கே கொட்டுவது என்பதையெல்லாம் அது தீர்த்துவைக்க முடியாது.

இதைக் காரைக்குடி இப்போதே யோசிக்க வேண்டும். 1928-இல் நகராட்சியான ஊர் 2024-இல் மாநகராட்சியானபோது கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், கோவிலூர், இலுப்பைக்குடி, அரியக்குடி, தளக்காவூர் ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. கண்டரமாணிக்கம் ஊராட்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தும், அந்த ஊர்க்காரர் கிராம சபையில் எழுந்து வரவு செலவு கேட்கும் உரிமை போகவில்லை. இலுப்பைக்குடிக்காரருக்கு அது போய்விட்டது, ஊரக வேலைத் திட்டமும் போனது. கிடைத்திருப்பது, வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் ஏரியா சபை: 2022 நவம்பர் 1 அன்று தமிழகத்தில் முதன்முதலாகக் கூடிய, இன்னும் பலருக்குப் பெயர்கூடப் பழகாத அமைப்பு. மாநகராட்சிக்கு இணக்கம் வேண்டுமென்றால் அதை அங்கேதான் தேட வேண்டும். மன்றத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் தேடினால் கிடைக்காது.

செட்டிநாட்டில் இது புதிதா, ஊர் கூடிப் பேசி முடிப்பதுதானே வழக்கம் என்று கேட்பவர்கள் உண்டு. நகரத்தார் குடும்பங்களைப் புள்ளியாகக் கணக்கிட்டு வரி போட்டுக் கோயில் காரியங்களை நடத்தியது உண்மை, வியக்கத்தக்க ஒழுங்கும்கூட. ஆனால் அது ஒரு சமூகம் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஊர்ப் பொதுக்காரியங்களிலும் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கூட்டத்துக்கு வெளியேதான் நின்றார்கள். அந்த ஒற்றுமையை அப்படியே மாநகராட்சிக்குக் கொண்டுவருவது ஆபத்து. யாரும் மறுத்துப் பேசாததை இணக்கம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கமும் கூடவே வந்துவிடும்.

எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பது அதைவிட வலுவான மறுப்பு. தாமதம் ஆகும்தான். ஆனால் கேட்காமல் போட்ட தீர்மானமும் நீதிமன்றத்திலோ சாலை மறியலிலோ போய் நிற்கிறது. அந்தத் தாமதத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1996, 2001, 2011 தேர்தல்களில் அதையும் செய்து பார்த்தோம். நேரடி மேயரானாலும் வரவு செலவுத் திட்டத்துக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

அரியக்குடியில் வீட்டு வரியைத் திருத்துவதற்கு முன், அந்தப் பணத்தில் அரியக்குடிக்கு எது, எந்த ஆண்டில் வரும் என்ற பட்டியலோடு மேயரும் ஆணையரும் அங்குள்ள ஏரியா சபையில் உட்கார வேண்டும். ஏற்க முடியாத கோரிக்கைக்கு ஏன் முடியாது என்பதை அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். இதற்குச் சென்னையிலிருந்து அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.