கழுவெளியைத் தரிசென்று எழுதும் கைகள்

தமிழ் முதுகலை முடித்த மாணவி ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்தார். இயற்கைப் பாதுகாப்புக்கான வரைபடத் தொழில்நுட்பத்தில் வேலை தேட விரும்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். ஆசிரியர் அறையில் சிரிப்பெழுந்தது. "அதெல்லாம் கணினிப் பிள்ளைகளின் வேலையம்மா" என்றார் ஒரு மூத்தவர். அந்தச் சிரிப்புக்கு எதிராகவே இதனை எழுதுகிறோம்.

எந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிச் சிரிக்கிறோம்? புதுவை செயின்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம், ஓலைச்சுவடிகளையும் தாவர மாதிரிகளையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்து வைத்திருக்கிறது. கௌசென், லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி முதலியோர் அங்கிருந்துதான் ஒன்றுக்குப் பத்து லட்சம் என்னும் அளவில் தாவர வரைபடங்களை உருவாக்கினர். 1980களில் பாஸ்கல், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஒன்றுக்கு இரண்டரை லட்சம் என்னும் அளவில் வரைந்தளித்தார். மரங்களைப் பெயர் சொல்லி அறிந்த பின்னரே அவ்வரைபடங்களில் வண்ணம் ஏறியது.

பெயரறியாத வரைபடம் என்ன செய்யும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. மழைநீர் தேங்கி, மெல்ல வடிந்து கடல் சேரும் தாழ்நிலத்தை நம் மக்கள் கழுவெளி என்றனர். அச்சொல்லுக்குள் அந்நிலத்தின் வேலையே அடங்கியிருக்கிறது. அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்புகளிலோ சதுப்பு நிலமும் புதர்க்காடும் தரிசின் வகைகளாக இடம்பெற்றன. பயனற்ற வெளியென்று கருதப்பட்ட பள்ளிக்கரணையில் சென்னையின் குப்பை மலையாகக் குவிந்தது. 2022இல்தான் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. புதுவைக்கு வடக்கே மரக்காணம் அருகிலுள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் அப்பட்டியலை எட்டியது. ஒரு நிலத்தை எந்த வகையில் எழுதுகிறோம் என்பதே அதன் விதியாகிவிடுகிறது.

மறுபுறம், சில மாதங்களில் 'ஜி.ஐ.எஸ். வல்லுநர்' ஆக்குவதாகச் சான்றிதழ் விற்போர் இருக்கின்றனர். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று கற்பிப்பார்கள். எதற்கு அழுத்துகிறோம் என்பது பாடத்தில் இராது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் மிக நுண்ணிய படத்திலும் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். கால் ஏக்கர் கோயிற்காடு அதில் ஏறத்தாழப் பத்துப் புள்ளிகள்தாம். முந்திரித் தோப்பும் வீரை, பாலை, காசா அடர்ந்த காடும் திரையில் ஒரே பச்சையாகத் தோன்றக்கூடும். புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டுக்குள் ஒருமுறையேனும் நடந்தவரே அந்தப் பச்சைகளைப் பிரித்தெழுத முடியும்.

எனவே அம்மாணவிக்கு நாம் சொன்னது இது. கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊசுட்டேரியை எடுத்துக்கொண்டு, மழைக்குப் பிந்தைய நீர்ப்பரப்பையும் கோடை நீர்ப்பரப்பையும் ஆண்டுவாரியாக வரையுங்கள். அதன் புதுவைப் பகுதி 2008இல் சரணாலயமானது. ஏரியின் மறுபகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. இரு அரசுகளின் எல்லை நீருக்குத் தெரியாது. அதை வரைபடம்தான் காட்ட வேண்டும். கரையிலுள்ளோரிடம் மதகுக்கும் ஓடைக்கும் மேட்டுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறியுங்கள். வேலை கேட்கும் இடத்தில் சான்றிதழுக்கு முன் அந்த வரைபடத்தை வையுங்கள். இத்துறையில் பல பணிகள் திட்டக்காலம் முடிந்ததும் முடிந்துவிடுபவை என்பதையும் மறைக்கவில்லை.

சங்க இலக்கியமே உலகின் முதல் நிலவரைபடம் என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. அத்தகைய பெருமைப் பேச்சு போதுமான அளவு நடந்தாயிற்று. முதற்பொருள், கருப்பொருள் என்று மேடையில் முழங்கிவிட்டு வீரை மரத்தைக் காட்டினால் விழிக்கும் தமிழாசிரியர்களில் நாமும் அடக்கம். தாவரவியலையும் புள்ளியியலையும் புதிதாகக் கற்கும் உழைப்பிலிருந்து தமிழ் படித்தவர் எவருக்கும் விலக்கில்லை. ஆனால் சொல்லுக்கும் நிலத்துக்குமுள்ள உறவை ஐந்தாண்டுகள் பயின்ற ஒருவரை வாசலிலேயே தடுக்க நமக்கு என்ன உரிமை?

வரும் ஞாயிறு காலை அம்மாணவி ஊசுட்டேரிக் கரைக்குச் செல்கிறார். நாமும் உடன் செல்லவிருக்கிறோம். சிரித்த நண்பர்களும் வரலாம். பெயர் கேட்டெழுத ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.