நான்காம் ஆண்டிலேயே பேச்சை எடுங்கள்



நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டும். "பிள்ளை நன்றாகப் படிக்கிறான், விடுதிப் பள்ளிக்கு எப்படி விண்ணப்பிப்பது?" அந்தக் கடிதம் கைக்கு வரும்போது, பெரும்பாலும் விண்ணப்பக் காலம் முடிந்திருக்கும். அதனால்தான் இந்த மாதம் இதையே எழுதுகிறேன்.

ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். எட்டுத் தாளுக்காகப் பிள்ளைகளை வாட்டிய காலம் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 'எத்தனை ஏ' என்ற கணக்கு தோட்டத்து அப்பாவுக்கும் புரிந்தது. முடிவு வந்ததும் ஆசிரியரே வீட்டுக்கு வந்து, "இவனை விட்டுவிடாதீர்கள், மனுப் போடுங்கள்" என்பார். இப்போது கல்வி அமைச்சின் முழுநேர விடுதிப் பள்ளிகளில் படிவம் ஒன்றுக்குச் சேர பி.கே.எஸ்.கே. என்னும் தேர்வு எழுத வேண்டும். ஆறாம் ஆண்டில் பெற்றோரே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிரம்பானில் இருக்கும் குடும்பத்துக்கு விண்ணப்பத் தேதி புலனத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் வீட்டுக்கு வருவதில்லை. நம் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, தகவல்தான் தாமதம்.

எம்.ஆர்.எஸ்.எம். என்னும் மாரா விடுதிக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம். அங்கே பூமிபுத்ரா அல்லாதவர்களுக்குப் பத்து விழுக்காடு இடம். அந்தப் பத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் போட்டி. இதைப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கிடைக்காவிட்டால் தன்னைக் குறைவாக நினைக்கக் கூடாது. நம் மாநிலத்திலேயே, மந்தினில், 1991 முதல் துவாங்கு ஜாஃபார் கல்லூரி இயங்குகிறது. தனியார் பள்ளி. அதன் கட்டணம் தோட்டக் குடும்பத்தால் ஆகிற காரியம் அல்ல. ஆனாலும் உபகாரச் சம்பளம் உண்டா, யாருக்கு என்று கேட்டு எழுதுவதற்குக் காசு வேண்டாம். கேட்கத் தயங்க வேண்டாம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? பி.கே.எஸ்.கே. மனப்பாடத்துக்கு மசியாது. அறிவுத்திறன் கேள்விகளோடு பிள்ளையின் குணநலனை அறியும் கேள்விகளும் வரும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை பல நேரம் தடுக்கி விழுவது கணக்கில் அல்ல, கேள்வி வந்திருக்கும் மொழியில்.

இங்கே ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிவதற்குள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர், மலாயில் நீண்ட வாக்கியம் படிக்க வராது. இரவு சமைத்துக்கொண்டே மகனைக் கேள்வியை வாசிக்கச் சொல்வார். வாசித்து முடித்ததும், "என்ன கேக்கிறாங்க? அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லு" என்பார். "அஞ்சு பேரு வரிசையில நிக்கிறாங்கம்மா. ரவி கடைசியில இல்ல, மெய் லிங்குக்குப் பின்னாடி நிக்கிறான்..." அவர் நறுக்க வைத்திருந்த வெங்காயத்தில் ஐந்தைத் தள்ளி, "இதுல ரவி எது, காட்டு" என்பார். பையன் வெங்காயத்தை நகர்த்துவான், தப்பு என்று அவனுக்கே தெரியும், மறுபடி நகர்த்துவான். விடை சரியா என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். மகன் கேள்வியைப் புரிந்துகொண்டானா இல்லையா என்பது அவன் தமிழில் சொல்லும்போதே தெரிந்துவிடும். இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

இதை நான்காம் ஆண்டிலேயே, தினம் இரண்டு கேள்வி என்று தொடங்கினால் போதும். ஆறாம் ஆண்டில் கடைசி மாதம் டியூஷனுக்கு அனுப்பிப் பிள்ளையைக் கசக்குவது வேண்டாம். மலாய்ச் சிறுவர் கதைப் புத்தகம் வாரம் ஒன்று பள்ளி நூலகத்திலிருந்து வீட்டுக்கு வரட்டும். கணினி வீட்டில் இல்லையென்றால், பள்ளிக் கணினி அறையைப் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் திறந்து வைக்கும்படி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேளுங்கள். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் போன்ற அமைப்புகளின் வகுப்பு பக்கத்து ஊரில் நடக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இன்னொன்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டுத் தங்கப்போவது பிள்ளைதான். அவனுக்கோ அவளுக்கோ விருப்பமா என்று நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். "இல்லை" என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து இடைநிலைப்பள்ளியிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த இதழிலிருந்து பி.கே.எஸ்.கே. பாணியில் ஐந்து கேள்விகளை, மலாயிலும் தமிழிலும், ஒரு பக்கத்தில் வெளியிடுகிறோம். விண்ணப்பத் தேதி அறிவிக்கப்பட்டதும் அட்டையிலேயே பெரிய எழுத்தில் போடுவோம். உங்கள் தோட்டத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எத்தனை பேர், விண்ணப்பிக்க உதவ ஆள் இருக்கிறாரா என்று எங்களுக்கு எழுதுங்கள். இல்லாத இடத்துக்கு ஆள் தேடுவது எங்கள் வேலை.

அன்புடன்,
ஆசிரியர்