கையில் கிரீஸ் படட்டும், கணக்கும் இருக்கட்டும்



நம் மைசூர்த் தமிழ்க் குடும்பங்களில் சில இளைஞர்கள் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கி வந்து, வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்தி, ஞாயிறுதோறும் அதைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருக்கிறார்கள். குவெம்புநகரிலும் விஜயநகரிலும் இப்படிப்பட்ட ஷெட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். மேடு பள்ளம், சேறு, ஓடை எதிலும் ஓடக்கூடிய வண்டியைத் தன் கையால் அமைக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. பெற்றோர்கள், "இது வீண் வேலை, பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு" என்கிறார்கள். பிள்ளைகளோ, "என் வண்டி, என் பணம், என் இஷ்டம்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் பாதிதான் சரி என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில் பெற்றோர் பக்கம் வருகிறேன். சில மாதங்களுக்கு முன் சங்கத்து நண்பர் ஒருவரின் மனைவி என்னிடம், "அண்ணா, இவனை இவ்வளவு படிக்க வைத்தது மெக்கானிக் ஆவதற்கா? நீங்களாவது புத்தி சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருப்பவன். "வாரம் ஐந்து நாள் அவன் கம்ப்யூட்டர் திரையைத்தானே பார்க்கிறான். ஒரு நாளாவது இரும்பைப் பார்க்கட்டுமே, தங்கச்சி" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

நாம் மைசூருக்கு எப்படி வந்தோம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் கைத்தொழிலை நம்பியே இங்கே வந்தவர்கள். அசோகபுரத்து ரயில்வே ஒர்க்‌ஷாப், ஐடியல் ஜாவா, விக்ராந்த் டயர், பி.இ.எம்.எல். என்று இந்த ஊரின் தொழிற்சாலைகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அதில் செய்த ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்கள் இன்றும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றை ஓட வைத்திருப்பது வீட்டு ஷெட்டிலும் தெருமுனைப் பட்டறையிலும் உட்கார்ந்து பிரித்துப் பூட்டும் கைகள்தாம். பிட்டரின் பேரன் ஸ்பேனர் பிடித்தால் குடும்ப கௌரவம் போய்விடும் என்று நினைப்பது என்ன நியாயம்? தசராவில் ஆயுத பூஜை அன்று சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோம். மறுநாள் பிள்ளை அதைத் தொட்டால் கோபப்படுகிறோம். இது எந்த வகைப் பக்தி?

கோவை ஜி.டி. நாயுடு அவர்களை அறியாத தமிழர் இல்லை. இளமையில் வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை விலைக்கு வாங்கினார். வாங்கிய பின் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர், பிற்காலத்தில் மோட்டார் முதல் சவர பிளேடு வரை செய்து காட்டினார். பெரிய கல்லூரி எதிலும் அவர் படித்ததில்லை. பிரித்துப் பார்ப்பதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

ஜீப்பின் கதையும் அப்படித்தான். 1940-இல் அமெரிக்க ராணுவம் நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, பாண்டம் என்ற சிறு கம்பெனி 49 நாட்களில் மாதிரி வண்டியைச் செய்து, செப்டம்பர் 23-ஆம் தேதி ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. நம் நாட்டில் மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அந்தப் பரம்பரையில் வந்த சி.ஜே. ஜீப்புகளும், எம்.எம். 540 போன்ற பிற்கால வண்டிகளும்தான் இன்று குடகு காப்பித் தோட்டங்களிலும், மடிகேரியிலிருந்து மாந்தல்பட்டி ஏறும் பாதையிலும் உழைக்கின்றன. ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் கெட்டியான ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங் பட்டைகள், நான்கு சிலிண்டர் இன்ஜின், இவ்வளவுதான் அதன் ரகசியம். எதுவும் மூடி மறைத்து வைக்கப்படவில்லை. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, காரண காரியத்தைப் புரிந்துகொள்ளலாம். புதிதாகக் கற்பவனுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆகவே, பெற்றோர்களே, ஷெட்டின் கதவைப் பூட்டாதீர்கள்.

இனி இளைஞர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிரித்து, தேய்ந்ததை மாற்றி, பழையபடி பூட்டுவது ஒரு வேலை. வண்டியின் அமைப்பையே மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்குப் பொறுமை போதும். பின்னதற்குக் கணக்கு வேண்டும். நான் பார்க்கும் ஷெட்டுகளில் பொறுமை இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, கணக்குத்தான் குறைவாக இருக்கிறது.

எல்லோரும் முதலில் செய்வது டயரைப் பெரிதாக்குவது. 28 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 11 சதவீதம் அதிக தூரம் போகும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் ஓடும். பிரேக் டிரம் பழையதுதான். சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டதால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிரேக் பிடிப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதாவது வேகம் தெரியாமல் கூடுகிறது, நிறுத்தும் சக்தி தெரியாமல் குறைகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்!

அடுத்தது வண்டியை உயர்த்துவது. ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும் பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றிக் கட்டினால், செலவில்லாமல் நாலைந்து அங்குலம் உயரும் என்று செய்கிறார்கள். கணக்குக்காக, இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே 50 அங்குலம், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டி பக்கவாட்டில் 45 டிகிரி சாய்ந்தால்தான் கவிழும். எடை மையம் 4 அங்குலம் உயர்ந்தால் 41 டிகிரியிலேயே கவிழ்ந்துவிடும். ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதைச் சேர்த்தால் இன்னும் முன்னதாகவே. சரிவில் மட்டுமல்ல, தார் ரோட்டு வளைவில் வேகமாகத் திரும்பும்போதும் இந்தக் கணக்கு வேலை செய்யும். அத்தோடு புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங் ராடின் கோணம் மாறி, பள்ளத்தில் விழும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். ஓர் இடத்தில் கை வைத்தால் நான்கு இடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஸ்டீயரிங் ராடை வெட்டி வெல்டிங் வைப்பதை மட்டும் யாரும் கனவிலும் நினைக்கக் கூடாது.

ரயில்வேயில் எங்களுக்கு ஊட்டி வளர்த்த பாடம் ஒன்று உண்டு. வேலை செய்தவர் ஒருவர், சரி பார்த்து முத்திரை இடுபவர் வேறொருவர். சக்கரத்தை ஆக்ஸிலில் அழுத்தி ஏற்றும்போது, என்ன அழுத்தத்தில் ஏறியது என்பது தாளில் கோடாகப் பதிவாகும். அந்தப் பதிவு சரியில்லாவிட்டால் அந்தச் சக்கரம் வண்டிக்கு அடியில் போகாது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்க ஆக்ஸிலில் அல்ட்ராசோனிக் பரிசோதனை உண்டு. முப்பது வருடம் அனுபவம் உள்ள பிட்டர் செய்தாலும் சோதனை உண்டு. அது அவரை அவமதிப்பது ஆகாது. வண்டியில் ஏறப்போகும் ஆயிரம் பேருக்குக் கொடுக்கும் மரியாதை அது. வீட்டு ஷெட்டில் இந்த இரண்டாவது ஆள் இல்லை. செய்தவனே தேர்வாளன், அவனே டிரைவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவன் தங்கை. என் கவலையெல்லாம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. முன்னால் பெரிய இரும்பு பம்பர் மாட்டுவதும் இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இதையே பிடித்துக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டம் காரணமில்லாமல் இப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன கணக்குகளே காரணம். ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஒழுங்காகக் கணக்குப் போட்டு, நல்ல பொருளால் செய்து, "வந்து சோதித்துப் பாருங்கள்" என்று நிற்கும் தனி மனிதனுக்கு இங்கே வழியில்லை. நம் நாட்டுப் பரிசோதனை நிலையங்களின் நடைமுறை வண்டி தயாரிக்கும் கம்பெனிகளுக்கானது. ஒரு வண்டி செய்கிறவனுக்கு அது எட்டாக் கனி. பிரிட்டனில், வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியையும் அரசு நிலையத்துக்குக் கொண்டுபோய், விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். ஜெர்மனியில், செய்த மாற்றத்தை அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்டால் வண்டியின் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். அங்கே சோதனை நம்முடையதைவிடக் கடுமை, ஆனால் கதவு திறந்திருக்கிறது. இங்கே கதவு மூடியிருப்பதால், நல்ல வேலை செய்கிறவனும் அரைகுறை வேலை செய்கிறவனும் ஒன்றாக ஒளிந்து ஓட்டுகிறார்கள். நல்ல வேலைக்கு முத்திரை கிடைக்கும் என்று தெரிந்தால், அரைகுறை வேலை தானாகக் குறையும். பொறியியல் கல்லூரிகள் இத்தனை உள்ள நாட்டில் இது முடியாத காரியம் அல்ல.

அந்த நாள் வரும்வரை என்ன செய்வது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலாவதாக, மாற்றுவதைவிட மீட்பதில் இறங்குங்கள். துருப்பிடித்த பழைய ஜீப்பைத் தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். சட்டத்துக்கும் விரோதமில்லை, கற்பதும் குறையாது. கிங்பின் ஆட்டம் எடுப்பது, டிஃபரன்ஷியல் பல் இடைவெளி வைப்பது, டிரான்ஸ்ஃபர் கேஸில் எண்ணெய்க் கசிவை நிறுத்துவது, இவற்றை ஒழுங்காகச் செய்து முடித்தவனுக்குப் பிறகு எந்த இயந்திரமும் பயமில்லை. பழைய வண்டியை வாங்கும்போது ஆர்.சி. புத்தகம், சேஸிஸ் எண், இன்ஜின் எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்ஜின் மாற்றவேண்டி வந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, பிறகுதான் ஸ்பேனர்.

இரண்டாவதாக, மாற்றித்தான் தீருவேன் என்பவர்கள் அந்த வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், உரியவர் அனுமதியோடு தனியார் தோட்டத்திலோ தரிசு நிலத்திலோ ஓட்டுங்கள். பந்திப்பூரும் நாகரஹொளேயும் நம் விளையாட்டு மைதானம் அல்ல. ஏரிக்கரையும் ஓடையும்கூட ஊரார் சொத்து. ஒரு மாலை நேரக் கும்மாளத்துக்காக நாம் உழுதுபோட்ட கரையில் மழைக்காலத்தில் உடைப்பெடுத்தால், பழி எந்த மொழிக்காரன் மேல் விழும் என்பதையும் யோசியுங்கள். பிழைக்க வந்த ஊரில் நமக்கு அந்தப் பொறுப்பும் கூடுதலாக உண்டு.

மூன்றாவதாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ரயில்வேயிலும் மற்றத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிட்டர்கள், வெல்டர்கள், டர்னர்கள், இன்ஸ்பெக்டர்கள் நம் உறுப்பினர்களில் இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்துவதோடு அவர்களை விட்டுவிடுகிறோம். மாதம் ஒரு ஞாயிறு, யாராவது ஒரு பையனின் ஷெட்டுக்கு இருவராகப் போய், அவன் செய்த வேலையைத் தட்டிப் பார்த்து, அசைத்துப் பார்த்து, குறையைச் சொல்லிவிட்டு வரட்டும். ஷெட்டில் இல்லாத அந்த இரண்டாவது ஆள் கிடைத்துவிடுவார். பெரியவர்களுக்கும் பொழுது பயனாகும். பையனுக்கும், தான் செய்ததை இன்னொருவர் கண் முன் வைக்கும் பழக்கம் வரும். அந்தப் பழக்கம் அவன் எந்தத் தொழிலுக்குப் போனாலும் உதவும்.

விருப்பமுள்ள பெரியவர்களும் ஷெட்டு வைத்திருக்கும் இளைஞர்களும் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.